விளக்கை எடுத்துவிடுங்கள், பாட்டை நிறுத்தாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 48. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறோம். அப்பா தொடங்கிய தோல் பட்டறையை நான் நடத்துகிறேன். பதினான்கு வயதில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் மைக்கேல் ஜாக்சனைப் பார்த்த நாளிலிருந்து அவருடைய ரசிகன். பட்டறையில் மிஞ்சிய துண்டுத் தோல்களைச் சேர்த்து, அவர் போட்டிருந்ததைப் போலவே ஒரு சிவப்புத் தோல் ஜாக்கெட் தைத்தேன். அப்பா திட்டிக்கொண்டேதான் கைகளை வெட்டித் தந்தார். 1996-ல் அவர் மும்பை வந்தபோது டிக்கெட் வாங்க வசதியில்லை. அந்தேரியில் மைதானத்துக்கு வெளியே நின்று கேட்டேன். 2009-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்று பட்டறையைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாளில் பூஜை அலமாரியில் அவர் படத்தை வைத்து, மாலை போட்டு விளக்கேற்றுகிறேன். அவருடைய பிறந்தநாளில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் ஆடுவேன். "உங்கள் அப்பா இறந்தபோதுகூட நீங்கள் இப்படி அழவில்லையே" என்கிறாள் மனைவி. கல்லூரியில் படிக்கும் 19 வயது மகள் இந்த ஆண்டு, "குழந்தைகளிடம் தவறாக நடந்தார் என்று சொல்கிறார்களே, அவருக்கா விளக்கு?" என்று கேட்டுவிட்டாள். நீதிமன்றமே விடுதலை செய்ததைச் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். யாரென்றே தெரியாத ஒருவருக்காக அழுவது பைத்தியக்காரத்தனமா? எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மும்பை

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

பைத்தியக்காரத்தனம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாதிக் கடிதத்தை இதைக் கேட்பதற்காகவே எழுதியிருக்கிறீர்கள்.

யாரென்றே தெரியாத ஒருவர் என்று எழுதுகிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. அவருக்குத்தான் உங்களைத் தெரியாது. எந்த அடியில் தொப்பியைத் தொடுவார், எந்த இடத்தில் மூச்சை இழுப்பார், பின்னோக்கி வழுக்கும்போது எந்தக் குதிகால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். இப்படி ஒரு பக்கம் மட்டும் அறிமுகம் உள்ள உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டுரைகூட வேண்டியதில்லை. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது, அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராதவர்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். அவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை.

உங்கள் வயதை வைத்துப் பார்த்தால், நீங்கள் அவரைக் கண்டெடுத்தது 1991-ஐ ஒட்டிய காலம். அந்த ஆண்டு வெளிவந்த ஒரு பாடல் காட்சியில், வண்டிகள் விரையும் சாலைக்கு நடுவே ஒடிசி ஆடும் பெண்ணோடு சேர்ந்து அவர் ஆடுவார். உலகப் புகழின் உச்சியில் இருந்தவர் நம் பக்கத்து அடவைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்தார். தாராவியில் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்த பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அப்புறம் 1996 நவம்பர் 1, மும்பை நிகழ்ச்சி. அதற்காக வந்திறங்கியவரை சோனாலி பேந்த்ரே மராத்திப் பெண்ணாக உடுத்தி ஆரத்தி எடுத்து வரவேற்றதை ஊரே பார்த்தது. இந்தியாவில் அவர் நடத்திய ஒரே பொது இசை நிகழ்ச்சி அதுதான். சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கும் அந்த இரவு சொந்தம்.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை அவ்வளவு கூர்ந்து பார்த்திருப்பவர் சொன்ன சொல் அது.

அப்பா இறந்தால் மகனுக்கு அழ நேரம் கிடைப்பதில்லை. மருத்துவமனைக் கணக்கை முடிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். ஊரிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் முகம் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். வந்தவர்களைப் பட்டறையிலும் பக்கத்து வீடுகளிலுமாகப் படுக்கவைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மும்பை போன்ற ஊரில், பத்துக்குப் பத்து அறையில், தனியாக நின்று அழ ஒரு மூலைகூட அகப்படாது. காரியம் முடிந்த மறுநாள் பட்டறையைத் திறந்தாக வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸில் இறந்தவர் உங்களிடம் எந்த வேலையும் ஒப்படைக்கவில்லை. அங்கே ஜூன் 25 பிற்பகல். இங்கே 26 விடிந்திருக்கவில்லை. நீங்கள் எழுந்தபோது செய்தி வந்து சேர்ந்திருந்தது. பட்டறையைச் சாத்தினீர்கள், அழுதீர்கள். அதற்குமேல் யாரும் உங்களிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சேரவேண்டிய கண்ணீரை எடுத்து இவருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஆகாது. அழ இடம் கிடைத்த இடத்தில் அழுதிருக்கிறீர்கள்.

கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன ஓர் இடம் இருக்கிறது. அப்பா திட்டிக்கொண்டே கைகளை வெட்டித் தந்தார் என்ற இடம். ஜாக்கெட்டில் கடினமான பாகம் கைதான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோள் வளைவில் கொஞ்சம் பிசகினாலும் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான். அதனால்தான் அந்தப் பாகத்தை மட்டும் அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மகன் இதைப் போட்டுக்கொண்டு ஆடப்போகிறான் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் ஆகஸ்ட் மாதத்தில் எடுத்து மாட்டிக்கொள்வது உங்கள் அப்பாவின் கைவேலையும்தான். மனைவிக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். ஜாக்கெட்டை வெளியே எடுத்து, தோள்பட்டையைக் காட்டிச் சொல்லுங்கள்.

மகள் விஷயம்தான் இதில் அவசரமானது.

நடந்ததை நடந்தபடி வைத்துக்கொள்வோம். 1993-ல் ஒரு சிறுவனின் குடும்பம் அவர்மேல் குற்றம் சாட்டியது. 1994-ல் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இன்னொரு சிறுவன் தொடர்பான வழக்கில் 2005 ஜூன் 13 அன்று கலிபோர்னியாவில் ஜூரிகள் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் இரண்டு ஆண்கள், சிறுவயதில் தங்களை அவர் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக விரிவாகப் பேசினார்கள். உயிரோடு இருந்தவரை அவர் எல்லாவற்றையும் மறுத்தார். அவருடைய சொத்தை நிர்வகிப்பவர்களும் மறுக்கிறார்கள். இறந்துபோனவரைக் கூண்டில் நிறுத்திக் கேட்க இனி வழியில்லை.

ஆக, நீங்கள் மகளிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. 2005-ல் வந்தது அந்த ஒரு வழக்கின் தீர்ப்பு. 2019-ல் பேசிய இருவர் சொன்னதை எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவள் அவர்களைப் பற்றிக் கேட்டாள். நீங்கள் தீர்ப்பைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

பத்தொன்பது வயதுப் பெண் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கும்போது, அப்பா முதலில் என்ன சொல்கிறார் என்று கவனித்துக்கொண்டிருப்பாள். பெரிய மனிதர் ஒருவர்மேல் புகார் வந்தால் இவர் யார் பக்கம் நிற்பார்? நாளைக்கு ஓர் ஆசிரியரைப் பற்றியோ உறவினரைப் பற்றியோ நானோ என் தோழியோ வாய்திறந்தால் காதுகொடுப்பாரா, சாட்சி எங்கே என்று கேட்பாரா? உங்கள் மகளுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி எண்ணிக் கலங்கவும் வேண்டாம். ஆனால் இது 2012-ல் போக்சோ சட்டம் வந்தபின் வளர்ந்த தலைமுறை. தவறாக யாராவது தொட்டால் சொல், 1098-க்குக் கூப்பிடு என்று நாம்தான் சொல்லி வளர்த்தோம். நமக்குப் பிடித்தவர்மேல் புகார் என்றதும் நாமே வேறு குரலில் பேசினால் அவள் எழுந்து போகத்தான் செய்வாள்.

அவளிடம் நீங்களாகப் போங்கள். "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த இருவர் என்ன சொன்னார்கள் என்று நான் முழுதாகக் கேட்டதில்லை. உன்னோடு உட்கார்ந்து கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். கேட்டு முடித்தபின் நம்புங்கள் என்றோ நம்பாதீர்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு அது மிகக் கடினமான இரவாக இருக்கும். முப்பது ஆண்டுக்கும் மேலாக நெஞ்சில் வைத்திருந்தவரைப் பற்றி அப்படிப்பட்ட சொற்களைக் கேட்பது சாதாரணமில்லை. நடுவில் எழுந்துபோய் மறுபேச்சுப் பேசாதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இனி விளக்கு. இதில் நான் உங்கள் மகள் பக்கம்தான்.

நம் வீடுகளில் மாலை போட்டு விளக்கேற்றும் படம் ஒன்று தெய்வத்தினுடையது. இல்லையென்றால் குடும்பத்தில் மறைந்தவர்களுடையது. அந்த வரிசையில் இருப்பவரை வீட்டிலுள்ள அத்தனை பேரும் கும்பிட வேண்டும். அவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது. ஒரு பாடகரைக் கொண்டுபோய் அங்கே வைத்ததும் உங்கள் பிரியம் வீட்டார் அனைவரின் கடமையாகிவிட்டது. மகள் மறுப்பது அந்தக் கடமையை. அவர் பாட்டைக் கேட்காதீர்கள் என்றோ ஆடாதீர்கள் என்றோ அவள் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. விளக்கைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். படத்தை இறக்கி, பட்டறைச் சுவரில், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்கு எதிரே மாட்டிக்கொள்ளுங்கள். அங்கே அவரோடு நீங்கள் என்ன பேசிக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பூஜை அலமாரியில் அந்த இடத்தில் அப்பாவின் படம் இருக்கட்டும்.

படத்தை அங்கிருந்து எடுப்பதால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. தெய்வமாக்கிவிட்டால் அவர் பட்டதெல்லாம் மறைந்துபோகிறது. பள்ளிக்கூட வயதிலேயே அண்ணன்மாரோடு மேடையேற்றப்பட்டவர். லண்டனில் 50 நிகழ்ச்சிகளுக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் தூக்கம் வராமல், அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்க மருந்தான புரொபோஃபோலை உடம்பில் ஏற்றிக்கொண்டு, 50 வயதில் இறந்தார். அதைக் கொடுத்த மருத்துவர் 2011-ல் தண்டிக்கப்பட்டார். இப்படிச் செத்த ஒரு மனிதருக்காக அழலாம். ஜூன் 26-ல் நீங்கள் தாராளமாக அழுங்கள். வேண்டுமானால் அன்று பட்டறைக்கு அரைநாள் விடுமுறை விடுங்கள்.

ஆகஸ்ட் 29-ஐ மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மொட்டைமாடிதான். அதில் ஒரு மாற்றம் செய்யலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு அவரைக் காட்டுவதைவிட ஆட்டத்தைக் காட்டுங்கள். 1983-ல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா மேடையில் அவர் பின்னோக்கி வழுக்கியபோது உலகமே வாய்பிளந்தது. ஆனால் அந்த அடி அவர் கண்டுபிடித்ததில்லை. பில் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் அதே போல வழுக்கிச் செல்லும் 1955-ஆம் ஆண்டுப் படப்பதிவு இருக்கிறது. தெருமுனைகளில் ஆடிய கறுப்பினப் பிள்ளைகளிடமிருந்து வந்த அடி அது என்று ஜாக்சனே எழுதியிருக்கிறார். பிள்ளைகளை சாக்ஸ் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, வீட்டுக்குள் வழவழப்பான தரையில் முதலில் பழக்குங்கள். குதிகால் எழுந்த காலில்தான் உடம்பின் கனம் முழுதும் நிற்கிறது, தட்டையாகப் படிந்த கால்தான் வழுக்கிப் பின்னே போகிறது என்று தெரிந்துகொண்ட அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது.

தரையோடு சாய்ந்து நிமிரும் அந்த வித்தையையும் சொல்லிக்கொடுங்கள். உங்களைவிடத் தகுதியான ஆசிரியர் யார்? காலணியின் குதிகாலில் ஒரு வெட்டு. மேடையிலிருந்து எழும்பி நிற்கும் முளையில் அதை மாட்டிக்கொண்டால் உடம்பு முன்னே சாய்ந்தாலும் விழாது. 1993-ல் அவரும் இன்னும் இருவரும் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். குதிகாலில் எவ்வளவு ஆழத்தில் வெட்டு விழவேண்டும், எந்தத் தோல் அந்த இழுப்பைத் தாங்கும் என்று ஒரு தோல்காரர் சொல்லக் கேட்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய பாடம்! (முளை அடித்து யாரும் முயன்று பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.) 1999 ஜூனில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அவர் நடத்திய நிகழ்ச்சியில் ஏ.ஆர். ரஹ்மானின் இசைக்கு ஷோபனாவும் பிரபுதேவாவும் ஆடினார்கள். அந்தக் காட்சியையும் காட்டுங்கள். நம் ஊர்க்காரர்கள் அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு இன்னொரு கால் முளைத்ததுபோல் இருக்கும்.

பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்களையும் மாடிக்குக் கூப்பிடுங்கள். மகளை வற்புறுத்த வேண்டாம். அன்றைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல், இரவுச் சாப்பாட்டின்போது அவள் கல்லூரியைப் பற்றிக் கேளுங்கள்.