மெடிக்கல் போர்டுக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெடிக்கல் போர்டு (உடல்தகுதியைப் பார்க்கும் பட்டாள டாக்டர் குழு), டிசெபிலிட்டி பென்ஷன் (உடல் பாதிப்புக்குத் தரும் பென்ஷன்) பற்றியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பீரங்கிப் படையில் ஹவில்தார். அடுத்த மாதம் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது வைக்கும் போர்டு. 2016-ல் லடாக்கில் இருந்தபோது பி.பி. இருப்பதாகச் சொல்லி கேட்டகிரி (உடல்தகுதி குறைந்த பிரிவு) போட்டார்கள். "போர்டுல என்ன எழுதினாலும் கையெழுத்து போட்டுட்டு வந்துடு, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். அப்படி விட்டுவிடலாமா?
— வாசகி, கம்மவான்பேட்டை

பதில்: விட்டுவிடக் கூடாது அம்மா. எத்தனை சதவீதம் போடுவார்கள் என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பென்ஷன் கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது வேறொரு வரி. நோய் பட்டாள வேலையால் வந்ததா, வேலையால் அதிகமானதா, இரண்டும் இல்லையா என்று போர்டு எழுதும் வரி அது. முதலாவதை ஆட்ரிபியூட்டபிள் என்பார்கள், இரண்டாவதை அக்ரவேட்டட் என்பார்கள். இரண்டும் இல்லையென்றால் என்.ஏ.என்.ஏ. என்று நான்கு எழுத்தில் முடித்துவிடுவார்கள். அந்த நான்கு எழுத்து விழுந்துவிட்டால் 30 சதவீதம் போட்டிருந்தாலும் டிசெபிலிட்டிக்கென்று ஒரு ரூபாய் வராது.

போர்டில் மூன்று டாக்டர் அதிகாரிகள் இருப்பார்கள். அவர்கள் நிரப்பும் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. அதன் முதல் பாகம் உங்கள் வீட்டுக்காரரின் சொந்த வாக்குமூலம். எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்தார், அது ஃபீல்டா (களப் பகுதி) பீஸா (அமைதிப் பகுதி) என்று அதில் ஒரு பட்டியல் கேட்பார்கள். சேருவதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா என்று ஒரு கேள்வி உண்டு. நோயை உண்டாக்கியதாகவோ அதிகப்படுத்தியதாகவோ நீங்கள் நினைக்கும் சம்பவங்கள் எவை என்று இன்னொன்று உண்டு. கெட்டுப்போவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். முக்கால்வாசிப் பேர் அங்கே "இல்லை" என்று எழுதுகிறார்கள், அல்லது கோடு போட்டு விடுகிறார்கள். சிலருக்குக் கிளார்க்கே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். பிறகு அப்பீல் போடும்போது, "வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாயே" என்று அதே காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த இடத்தில் நடந்தது நடந்தபடி இருந்தால் போதும். "சேரும்போது பி.பி. இல்லை. இந்தத் தேதியிலிருந்து உயர மலைப் பகுதியில் இருந்தேன். அங்கே இத்தனை மாதம் ராத்திரி டூட்டி பார்த்தேன். இந்தத் தேதியில் இந்த ஆஸ்பத்திரியில் முதன்முதலாக பி.பி. கண்டார்கள்" என்று தேதியோடு நான்கு வரி எழுதட்டும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தடுமாற்றம் இருந்தால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். முதல் பாகத்தின் கீழே போடும் கையெழுத்து தன் வாக்குமூலத்துக்கானது. படித்துப் பார்க்காமல் அதைப் போடக் கூடாது.

இன்னொரு காகிதம் இதைவிட வலுவானது. 2016-ல் முதலில் கேட்டகிரி போட்டபோது எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15-ல், நோய் தொடங்கிய தேதியும் இடமும் இருக்கும். லடாக் என்று அதிலேயே பதிவாகியிருந்தால், "அமைதிப் பகுதியில் தொடங்கியது, சேவை அழுத்தம் இல்லை" என்ற வழக்கமான வாசகத்தை ரிலீஸ் போர்டு எழுத முடியாது. பெர்மனன்ட் கேட்டகிரி என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபோர்டு நடந்திருக்கும். அவை எல்லாவற்றின் நகலையும் யூனிட்டில் கேட்டு வாங்கி, தேதி வரிசைப்படி ஒரே ஃபைலில் போடச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது ஒரு போர்டில் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் இப்போதே எழுத்தில் திருத்தம் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அது மிகவும் கஷ்டம்.

எடையும் சிகரெட்டும் கவனத்துக்கு வரும். எடை அதிகமாகவே இருந்ததாகப் பதிவு இருந்தால் "வாழ்க்கை முறை" என்று காரணத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம்: போர்டில் பி.பி. கூடுதலாகக் காட்டட்டும் என்று யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டாம். இதயம், சிறுநீரகம், கண் இவற்றில் பாதிப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாள் ரீடிங்குக்காக உயிரோடு விளையாடக் கூடாது.

21.9.2023 முதல் வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதிகள். நோயோடே வேலையில் நீடித்து, காலம் முடிந்து வருகிறவருக்கு பென்ஷனில் உடல் பாதிப்புக்கென்று தரும் டிசெபிலிட்டி பங்குக்குப் பதிலாக இம்பேர்மென்ட் ரிலீஃப் என்ற பெயரில் தருகிறார்கள். பெயர் மாறினாலும் காரணம் என்ற கேள்வி மாறவில்லை, 20 சதவீதம் என்ற குறைந்தபட்ச வரம்பும் அப்படியேதான் இருக்கிறது. சேரும்போது பதிவாகாத நோய் சேவையில் வந்ததாகவே கருதப்பட வேண்டும், இல்லையென்றால் போர்டு காரணம் எழுத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. அது 1982 விதிகளின் கீழ் வந்த தீர்ப்பு. புதிய விதிகளின் கீழ் வருகிறவர் அதை மட்டும் நம்பி இருக்காமல் காகிதத்தைப் பலமாக வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: லீவில் வந்த என் மகன் பைக்கில் போகும்போது லாரி மோதி, தொடை எலும்பு முறிந்து, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்திருக்கிறார்கள். சிப்பாய், ஆறு வருஷ சர்வீஸ். யூனிட்டுக்குப் போனில் சொல்லிவிட்டோம். வேறென்ன செய்ய வேண்டும்?
— வாசகர், குடியாத்தம்

பதில்: போனில் சொன்னது போதாது ஐயா. ஆஸ்பத்திரிப் பெயர், சேர்த்த தேதி, விபத்து நடந்த இடம், நேரம் எல்லாம் எழுதி யூனிட்டுக்கு மெயிலோ பதிவுத் தபாலோ இன்றே அனுப்புங்கள். சிவில் டாக்டர் தரும் ரெஸ்ட் சர்டிபிகேட்டை மட்டும் வைத்துக்கொண்டு லீவு தாண்டி வீட்டில் இருந்தால் ஓவர்ஸ்டே என்று ஆகிவிடும். நகர முடிந்ததும் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நம் பக்கத்துக்கு அது சென்னை.

எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, லீவு சர்டிபிகேட், ரயில் டிக்கெட் அல்லது வாரண்ட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். யூனிட் இவற்றை வைத்துத்தான் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காய அறிக்கையைத் தயாரிக்கும். காயம் பெரிது என்பதால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற பட்டாள விசாரணையும் நடக்கும். டூட்டியில் இருந்தாரா இல்லையா என்பதை அங்கேதான் எழுதுவார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். லீவில் சொந்த வேலையாகப் போகும்போது நடந்த விபத்தைப் பட்டாள வேலையோடு சம்பந்தப்பட்டதாக ஏற்பது அரிது. லீவில் இருந்தாலே டூட்டி என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2011-லும் 2022-லும் ஏற்கவில்லை. ஆனால் லீவுக்கு வரும் வழியிலோ, திரும்பிப் போகும் வழியிலோ நடந்திருந்தால் நிலைமை வேறு. யூனிட்டிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து யூனிட்டுக்குமான பயணத்தை விதிகள் டூட்டியாகவே எடுத்துக்கொள்கின்றன. காட்பாடி ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்கு வருகிற வழியில் மோதியதா, மறுநாள் கடைக்குப் போகும்போது மோதியதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டாம். ஏ.ஆர். காப்பியிலும் எஃப்.ஐ.ஆரிலும் இருக்கும் நேரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போதைக்கு டெம்பரரி கேட்டகிரி போடுவார்கள். அதிகபட்சம் 24 வாரம் போட்டு, மறுபடி பார்ப்பார்கள். ஷேப் என்ற உடல்தகுதிக் குறியீட்டில் கை கால் 'ஏ' எழுத்தின் கீழ் வரும். கால் சரியாகிவிட்டால் முழுத் தகுதியான ஏ-1-க்கே திரும்பலாம். நிறையப் பேர் திரும்பியிருக்கிறார்கள், அதனால் பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள். சரியாகாமல், உடல்தகுதி இல்லை என்று இன்வாலிட் செய்து அனுப்பினால், வேலையோடு சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தாலும் இன்வாலிட் பென்ஷனுக்கு வழி இருக்கிறது. பத்து வருஷம் முடியாதவர்களுக்கும் 2020 ஜூலை ஆணைப்படி அது உண்டு. வெளியிலும் வேலை பார்க்க முடியாத அளவு உடல் கெட்டிருக்க வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை.

லாரி மீதான நஷ்டஈடு வழக்கு தனி. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிடுங்கள். பட்டாள விஷயம் முடியட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிட்டவர்கள் உண்டு.

கேள்வி: 2009-ல் நாயக்காகப் பென்ஷன் வந்தேன். காதுக்கு 30 சதவீதம் போட்டு, என்.ஏ.என்.ஏ. என்று எழுதி, டிசெபிலிட்டி கிளெய்மைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்போது அப்பீல் போடவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், கலவை

பதில்: செய்யலாம். முதல் வேலை, ரிலீஸ் போர்டு நகலையும் தள்ளுபடிக் கடிதத்தின் நகலையும் கையில் வாங்குவது. காணாமல் போயிருந்தால் உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத். ஆர்மி நம்பர், ரேங்க், டிஸ்சார்ஜ் தேதி மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, பிறகு காதுக்கு எடுத்த ஆடியோமெட்ரி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "என் மெடிக்கல் பேப்பர் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரே ஒரு தாளை அனுப்பி முடித்துவிடுவார்கள்.

அப்புறம் அப்பீல். முதல் அப்பீலையும், அது தள்ளுபடியானால் இரண்டாவது அப்பீலையும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம்தான் கெடு. உங்களுக்குக் கெடு எப்போதோ போய்விட்டது, அதனால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனுவும் சேர்த்து அனுப்புங்கள். ஆறு மாதம் பதில் இல்லையென்றாலும், பதில் பாதகமாக வந்தாலும், ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். பென்ஷன் மாதா மாதம் வர வேண்டியது என்பதால் தாமதத்தைக் காரணம் காட்டி வழக்கையே மூடிவிடுவதில்லை. ஆனால் பாக்கித் தொகையை, வழக்கு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும்தான் பொதுவாகத் தருவார்கள். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம் போகிறது.

உங்கள் வாதம் எளிது. சேரும்போது காது நன்றாக இருந்தது என்பதற்கு அவர்களுடைய காகிதமே சாட்சி. 2009 டிஸ்சார்ஜ் என்பதால் மேலே சொன்ன தரம்வீர் சிங் தீர்ப்பை நேராகக் காட்டலாம். துப்பாக்கி, பீரங்கி, ஜெனரேட்டர் என்று சத்தத்தில் வேலை செய்த வருஷங்களைத் தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தால் 30 சதவீதம் 50 ஆகும். 50-க்குக் குறைவாக இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் ரவுண்டு செய்ய வேண்டும். காலம் முடிந்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் தீர்ப்பாகியிருக்கிறது. கணக்கு இப்படி: 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பேசிக் 40,000, எம்.எஸ்.பி. (ராணுவ சேவைப் படி) 5,200, மொத்தம் 45,200 என்று வைத்தால், 100-க்கு 13,560 ரூபாய். 30 சதவீதம் என்றால் 4,068, ரவுண்டு செய்து 50 என்றால் 6,780. இதற்கு மேல் அகவிலைப்படி.

வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். வேலூருக்கு அது சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. வருகிற பாக்கியில் இத்தனை பங்கு தர வேண்டும் என்று வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறவர்களிடம் போகாதீர்கள்.

கேள்வி: முதுகுத்தண்டு பிரச்சினையால் பெர்மனன்ட் கேட்டகிரியில் இருக்கிறேன். "விருப்பமில்லை என்று எழுதிக் கொடு, வீட்டுக்குப் போ" என்கிறார்கள். எழுதலாமா?
— பணியிலிருக்கும் வாசகர், அணைக்கட்டு

பதில்: அவசரப்பட்டு எழுத வேண்டாம். கேட்டகிரிக்கு ஏற்ற இலகுவான வேலை, அதாவது ஷெல்டர்ட் அப்பாயின்ட்மென்ட், இருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காரணத்துக்காக ஒருவரை அனுப்புவதென்றால் இன்வாலிடிங் போர்டு வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. சொந்த விருப்பத்தில் வருகிறவருக்கும் 1.1.2006-க்குப் பிறகு டிசெபிலிட்டி பங்கு உண்டுதான். ஆனால் இன்வாலிட் ஆகி வருகிறவருக்குச் சர்வீஸ் குறைவாக இருந்தாலும் சர்வீஸ் பங்கு (வேலை செய்த காலத்துக்கான பங்கு) கிடைக்கும். பதினைந்து வருஷம் முடிக்காமல் "விருப்பமில்லை" என்று எழுதினால் சாதாரணப் பென்ஷனே இல்லாமல் போகலாம்.

கேள்வி: அக்னிவீரருக்கு டிசெபிலிட்டி பென்ஷன் உண்டா?
— வாசகர், வாணியம்பாடி

பதில்: பென்ஷன் கிடையாது. வேலையால் வந்தது அல்லது அதிகமானது என்று போர்டு எழுதினால், ஒரே தடவையாக 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். மாதா மாதம் வருவது எதுவும் இல்லை என்பதால், காயம் பட்ட அன்றே காய அறிக்கை போடவைப்பது இவர்களுக்கு இன்னும் முக்கியம். சின்னக் காயம்தானே என்று முழங்காலைத் தடவிக்கொண்டு பரேடுக்குப் போகிற பையன்களுக்கு வீட்டிலிருந்து நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்பர்ஷ் என்ற பட்டாளப் பென்ஷன் இணையதளத்தில் என் பென்ஷன் ஒரே தொகையாகத் தெரிகிறது. டிசெபிலிட்டி சேர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகர், ஆற்காடு

பதில்: பேங்கில் விழும் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள். ஸ்பர்ஷில் பி.பி.ஓ.வை (பென்ஷன் ஆணையை) டவுன்லோடு செய்யுங்கள். சர்வீஸ் பங்கும் டிசெபிலிட்டி பங்கும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் போர்டு போட்ட சதவீதமும், ரவுண்டு செய்த சதவீதமும் இருக்கிறதா பாருங்கள். பழைய பி.பி.ஓ.வில் இருந்த டிசெபிலிட்டி பங்கு இதில் இல்லையென்றால், பழைய பி.பி.ஓ. நகலை ஸ்கேன் செய்து ஸ்பர்ஷிலேயே புகார் பதியுங்கள். அதே நாளில் ரெக்கார்டு ஆபீசுக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். திருத்திய பி.பி.ஓ.வுக்கான விவரம் அங்கிருந்துதான் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கமில்லையென்றால் ஸ்பர்ஷ் வேலை பார்க்கும் பொது சேவை மையத்துக்கோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய பி.பி.ஓ. மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் அங்கே யாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.