தரவுத்தள நிர்வாகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் முடித்து ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிபிஏ, அதாவது தரவுத்தள நிர்வாகி ஆக வேண்டும் என்று ஆசை. பயிற்சி நிலையத்தில் ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளுக்கான சான்றிதழுக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். கிளவுட் வந்த பிறகு இந்த வேலைக்கே எதிர்காலம் இல்லை என்கிறார்கள் நண்பர்கள். நல்ல டிபிஏ ஆக என்னதான் வேண்டும்?

ம., கோவை

அன்புள்ள ம.,

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நேர்காணல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். கடன் வாங்கிக் கட்டாதீர்கள், அவ்வளவுதான். ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது இது: "பேக்கப்பிலிருந்து ஒரு தரவுத்தளத்தை முழுதாக மீட்டது கடைசியாக எப்போது? எவ்வளவு நேரம் ஆனது?" பேக்கப் எடுக்கும் கட்டளைகளைக் கடகடவென்று ஒப்பிப்பவர்கள்கூட இங்கே தயங்கிவிடுகிறார்கள்.

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். ஒளிவுமறைவில்லாமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சுமை கூடி, முதன்மை சர்வரின் தரவை உடனுக்குடன் நகலெடுத்து வைக்கும் துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்யப் போராடிய பொறியாளர், துணை சர்வரின் தரவை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். அடுத்து நடந்ததுதான் கொடுமை. அன்றாட பேக்கப் அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல் சேர வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்க முயன்ற கருவியோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள், அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, சோதனைச் சர்வருக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு நகல். இடைப்பட்ட தரவு போனது போனதுதான்.

அந்த மின்னஞ்சல் விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிழை வந்தால் மட்டும் தகவல் தரும் ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. வேலை முடிந்தது என்ற செய்தியும் கோப்பின் அளவும் தினமும் வர வேண்டும்; வராத காலையில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஏன் என்று தேட வேண்டும். இந்தச் சந்தேக புத்தி இல்லாதவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. நாம் காவல் காக்கும் ஒவ்வொரு பதிவும் யாரோ ஒருவருடைய சம்பளம், மருந்துச்சீட்டு, ஓய்வூதியம்.

இன்னொன்று, உள்ளே நடப்பது தெரிந்திருக்க வேண்டும். பல கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையில் வெறுமனே ஒரு புலத்தை, அதாவது நெடுவரிசையைச் சேர்ப்பது போஸ்ட்கிரெஸில் கண நேர வேலை. ஆனால் யாரோ ஓடவிட்ட அறிக்கை ஒன்று அதே அட்டவணையை அரைமணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கட்டளை, அட்டவணையை மாற்றத் தேவையான பூட்டுக்காக (தனி உரிமைக்காக) அதன் பின்னால் காத்து நிற்கும். அதற்குப் பிறகு வரும் சாதாரண வாசிப்புகள்கூட உங்கள் கட்டளையைத் தாண்ட முடியாமல் வரிசைகட்டும். சர்வரில் சுமையே இருக்காது, ஆனால் செயலி உறைந்து நிற்கும். விஷயம் தெரிந்தவர் லாக் டைம்அவுட்டை, அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை, 2 நொடி என்று வைத்துக்கொண்டுதான் கட்டளையைக் கொடுப்பார். பூட்டு கிடைக்காவிட்டால் விலகி, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வார். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ், தரவை எந்த வழியில் தேடுவது என்று தீர்மானிக்கும் வினவல் திட்டம் எல்லாம் புத்தகங்களில் கிடைக்கும், படித்துக்கொள்ளலாம்.

கிளவுட் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. தரவுத்தளத்தை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவையான ஆர்டிஎஸ் 2009-இல் வந்தது. பேட்ச் போடுவது, பேக்கப் எடுப்பது போன்றவற்றை அதுவே பார்த்துக்கொள்கிறது. அவற்றை மட்டுமே செய்துகொண்டிருந்தவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் தானியங்கி பேக்கப்பை ஆர்டிஎஸ் அதிகபட்சம் 35 நாள்தான் வைத்திருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் நிரல் பிழையால் கணக்குகள் கெட்டிருப்பது இன்று தெரியவந்தால் என்ன செய்வது? அதை முன்கூட்டியே யோசித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். மேலே சொன்ன பூட்டுச் சிக்கலும் அங்கே அப்படியே இருக்கிறது.

பயிற்சி நிலையத்துக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸை நிறுவுங்கள், இலவசம்தான். ஒரு கோடிப் பதிவுகளை உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸுடன் வரும் பிஜி பேஸ்பேக்கப் (pg_basebackup) என்ற கருவி கொண்டு முழு நகல் எடுத்து, அதன் பிறகு நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் வால் (WAL) கோப்புகளையும் தனி வட்டில் சேர்த்து வையுங்கள். ஓர் அட்டவணையை வேண்டுமென்றே அழித்துவிட்டு, அதற்கு முந்தைய நிமிடம் வரைக்கும் தரவை மீட்டுக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு படியையும், பிடித்த நேரத்தையும் எழுதுங்கள். பிறகு அந்தக் குறிப்பை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல், அவரையே செய்யவிடுங்கள். அவர் திணறும் இடங்களைத் திருத்தி எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.