சர்ஃப் போர்டின் வால் வடிவமும் ஃபின் இருக்கும் இடமும் திருப்பத்தை எப்படி மாற்றுகின்றன?

நான் சென்னைக் காசிமேட்டுக்காரன். அப்பா விசைப்படகில் போனவர். அதனாலேயோ என்னவோ, போர்டின் அடியில் வால்பக்கம் மீன் செதிள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்னைச் சுக்கான் என்று நினைத்துக்கொண்டுதான் போர்டில் ஏறினேன். தப்பு. சுக்கான் அசையும், படகைத் திருப்பும். ஃபின் அசையாது. போர்டைத் திருப்புவது நம் கால்தான்: பின்காலில் பாரம் கொடுத்து ஓரத்தை அழுத்தினால் போர்டு வளையும். அப்போது வால் பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்வதே ஃபின்னின் வேலை.

ஆகவே ஃபின் பின்னால் போகப் போக பிடி கூடும், போர்டு நேராக ஓடும், திருப்ப மல்லுக்கட்ட வேண்டும். முன்னால் வந்தால் லேசாகத் திரும்பும், பிடி குறையும்.

என் முதல் போர்டு, பழைய 9 அடி லாங்போர்டு. ஒற்றை ஃபின். ஃபின்னை, அது மாட்டும் நீளப் பள்ளத்தின் கடைசிக்குத் தள்ளி முடுக்கிவிட்டு, 50 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக் கோவளம் போனேன். அலை கிடைத்தது, போர்டு ஒரே நேர்கோட்டில் கரைக்குப் போய் நின்றது. அடுத்த வாரம் ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினேன். வேறு போர்டு மாதிரி இருந்தது!

1980இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்த மூன்று ஃபின் அமைப்பில் பெரும்பாலும் இடத்தை மாற்ற முடியாது. நடு ஃபின்னைச் சின்னதாகப் போட்டுப் பாருங்கள், இறுக்கம் தளரும். பக்க ஃபின்களின் தட்டைப் பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். நான் ஒருமுறை இடம்வலம் மாற்றி மாட்டி, நாள் முழுக்க அலையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வாலுக்கு வருவோம். அகலமான வால் தண்ணீர்மேல் மிதந்து நிற்கும். சோம்பல் அலையிலும் வேகம் தரும், சட்டென்று சுழலும். ஆனால் பெரிய அலையில் வழுக்கும். ஊசிபோல் குறுகும் பின் (pin) டெயில் தண்ணீருக்குள் அமுங்கிப் பிடிக்கும், நீண்ட வளைவாகத் திரும்பும். மீன் வால்போல் பிளந்த ஸ்வாலோ டெயில் இரண்டுக்கும் நடுவில்: நேராகப் போகும்போது அகலம், சாய்த்தால் ஒரு முனை மட்டும் கடிக்கும். ஓரம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்றும் பாருங்கள். நேரான ஓரம் வேகம், வளைந்த ஓரம் திருப்பம்.

நம் பக்கத்துச் சின்ன அலைக்கு, நுனி வெட்டினாற்போல இருக்கும் ஸ்குவாஷ் டெயில் போதும். பின் டெயில் அழகுதான், இங்கே அதற்கு வேலை குறைவு. காசிமேடு, திருவொற்றியூரில் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தடுப்புப் பக்கம் மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம், ஒற்றை ஃபின்னைக் கழற்றும்போது துண்டு விரித்துக்கொள்ளுங்கள். அந்தத் திருகும் சின்னத் தகடும் மணலில் விழுந்தால் கிடைக்காது.