நான் கே, அதாவது ஆணை விரும்பும் ஆண். துபாயா சிங்கப்பூரா என்று கம்பெனி கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, என்னென்ன கவனிப்பது?

கேட்டவருக்கு 27 வயது. சென்னையில் ஐடி வேலை. இரண்டு வருடமாக ஒரு துணை இருக்கிறான், வீட்டுக்குத் தெரியாது. எந்த ஊர் பாதுகாப்பு, அவனையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் துபாயில் மூன்று வருடம், சிங்கப்பூரில் ஆறு வருடத்துக்கு மேல் இருந்தேன். இப்போது பெர்லின். மூன்று ஊரிலும் தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பயந்ததெல்லாம் ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கும், விசா படிவத்துக்கும், சார்ஜரில் மாட்டிவைத்த போனுக்கும்தான். அதனால் ஊரைப் பற்றி விசாரிக்கும்போது "அங்கே மக்கள் எப்படி" என்று கேட்பதைவிட, உங்கள் விசா யார் கையில் இருக்கும், உங்கள் போன் யார் கண்ணில் படும் என்று யோசியுங்கள்.

முதலில் துபாய். 2013-ல் நான் போனபோது கராமாவில் பெட் ஸ்பேஸ். ஒரு அறையில் ஆறு பேர், எனக்கு மேல் கட்டில். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பிளக் பாயின்ட். கே ஆண்கள் ஒருவரையொருவர் தேடிப் பேசும் கிரைண்டர் செயலி அங்கே திறக்காது, தடை. (மாவு அரைக்கிற கிரைண்டர் இல்லை, உங்களுக்குத் தெரியும்.) இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என். போட்டுத் திறந்தேன். அது இன்னும் பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை. தடை செய்த ஒன்றைச் செய்ய வி.பி.என். பயன்படுத்தினால் அங்கே அதுவே தனிக் குற்றம். ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வருகிறேன், பிளக்கில் இருந்த என் போன் அறிவிப்பு மேல் அறிவிப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "தம்பி, போனுக்கு லாக் போட்டு வைங்க. எல்லாரும் என்னை மாதிரி இருக்க மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்றைக்கும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அமீரகத்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். மாட்டினால் சிறை, அப்புறம் நாடு கடத்தல். 2020-ல் கல்யாணமாகாதவர்கள் சேர்ந்து வாழலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்களே என்று சிலர் சொல்வார்கள். அது ஆண்-பெண் ஜோடிகளுக்கு. நமக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடைமுறையில் ஒரு வேடிக்கை உண்டு. கராமாவில் இரண்டு ஆண்கள் சுண்டுவிரல் கோத்துக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஒரே அறையில், ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் வருடக்கணக்கில் இருந்தாலும் சந்தேகம் வராது, ஊரே அப்படித்தான் இருக்கிறது. அந்த மறைப்பை நம்பி நிம்மதியாக வாழ்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அது நிழல் மாதிரி. ஒரு புகார், ஒரு சண்டை, பிரிந்துபோன ஒருவனின் கோபம் வந்தால் போய்விடும். அப்போது உங்கள் பக்கம் நிற்கச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம், விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை. வளைகுடா நாடுகளில் வேலை விசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். பாசிட்டிவ் என்று வந்தால் விசா கிடையாது, அங்கேயே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூரிலும் வேலை அனுமதிக்கு இதே கதைதான். அங்கே 2015-ல் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுற்றுலாவாக வந்து போகலாம் என்று தடையை நீக்கினார்கள், நீண்டகால அனுமதிக்கு நீக்கவில்லை. எனவே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் நம் ஊர் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போய் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம், விவரம் வெளியே போகக்கூடாது என்று 2017-ன் எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. பாசிட்டிவ் என்றாலும் வாழ்க்கை முடியவில்லை. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம், தினம் சாப்பிட்டால் நன்றாக இருப்பீர்கள். எந்த நாட்டுக்குப் போவது என்ற கணக்கு மட்டும் மாறும். வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாமானையெல்லாம் விற்றுவிட்டு, துபாயில் போய் ரிசல்ட் தெரிந்துகொள்கிற நிலைமை மட்டும் வேண்டாம். ஒருவனுக்கு அப்படி நடந்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூருக்கு வருவோம். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ என்ற ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தை நீக்க 2022 நவம்பர் 29-ல் நாடாளுமன்றம் வாக்களித்தது, 2023 ஜனவரி 3-லிருந்து அது இல்லை. நான் பெர்லினுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். ஆறு வருடம் என் தலைக்குமேல் தொங்கியதை நான் கிளம்பும்போது எடுக்கிறார்கள், சரி. ஆனால் அதே நாளில் அரசியல் சாசனத்தையும் திருத்தி, திருமணம் என்றால் ஆண்-பெண் என்ற வரையறையை நீதிமன்றத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். இந்த இரண்டாவது பாதிதான் உங்கள் கேள்விக்கான பதில். மாதம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வாங்கும் ஒருவர் மனைவியைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துக்கொள்ளலாம். உங்கள் துணையை அப்படி அழைக்க முடியாது. உலகத்தில் எங்கே கல்யாணம் செய்துகொண்டு போனாலும் முடியாது. அவன் சொந்தமாக வேலை தேடி, சொந்த அனுமதியில் வரவேண்டும். எனக்கும் என் துணைக்கும் அதற்கு ஒன்றரை வருடம் ஆனது.

அங்கே வீடு தேடும்போது நான் கே என்பது ஒரு தடவைகூடப் பிரச்சினையானதில்லை. "இந்தியரா? சமைப்பீர்களா?" என்றுதான் கேட்டார்கள். சாம்பார் தாளிப்பதை மறைக்க வேண்டியிருந்த அளவுக்கு மற்றதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. கே பார்கள் இருக்கும் நீல் ரோடு பக்கம் வெள்ளிக்கிழமை இரவில் யாரும் ஒளிந்துகொண்டு திரிவதில்லை. ஊகசாகா என்ற அமைப்பு 1999-லிருந்து நம்மைப் போன்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிறது, மனசு சரியில்லாத நாளில் பேசலாம். ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பிடம் பெயர் சொல்லாமலே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெயர் சொல்லாமல் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2019-ல் அங்கே எச்.ஐ.வி. பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரம் இணையத்தில் கசிந்தது, அதில் 8,800 பேர் வெளிநாட்டவர்.

இரண்டு எச்சரிக்கை. நம்மைப் போன்றவர்களுக்கு ஆதரவாக ஹாங் லிம் பூங்காவில் வருடாவருடம் நடக்கும் பிங்க் டாட் கூட்டத்துக்கு 2017-லிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் போகலாம். நான் 2016-ல் உள்ளே நின்றேன். அடுத்த வருடம் தடுப்பு வைத்து அடையாள அட்டை பார்த்தார்கள், நான் எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரயிலேறிவிட்டேன். வேலை அனுமதியில் இருப்பவர் இதில் ஆர்வக்கோளாறு காட்டக்கூடாது. இன்னொன்று, செயலியில் யாராவது "பார்ட்டி" என்றோ "ஹை" என்றோ பேச்சை ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே பிளாக் செய்துவிடுங்கள். அது போதைப்பொருள். சிங்கப்பூரில் அதற்கு என்ன தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே இருப்பவர்கள் சனி ஞாயிறு பக்கத்திலுள்ள மலேசியாவின் ஜோகூருக்குப் போவார்கள். பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர், அதைக் கடந்தால் வேறு சட்டம். மலேசியாவில் ஆணும் ஆணும் உறவு கொண்டால் இன்றும் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. 2023-ல் வானவில் நிற ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைப் பறிமுதல் செய்து, வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறை என்று அறிவித்தார்கள். பையில் தொங்கும் வானவில் கீசெயினைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது கோழைத்தனம் ஆகாது. இலங்கையிலும் இதைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. எகிப்தில் போலீஸே செயலிகளில் ஆள்போல் பேசிப் பொறி வைக்கும். போகிற நாட்டைப் பற்றி அறிய நம் வெளியுறவு அமைச்சகத்தின் பக்கங்களில் இந்த விஷயம் கிடைக்காது. பிரிட்டன், கனடா அரசுகளின் பயண அறிவுரைப் பக்கங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பத்தியே இருக்கிறது. நான் டிக்கெட் போடுமுன் அதைத்தான் படிக்கிறேன்.

எந்தச் சட்டமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அது நம் ஆட்கள். சிங்கப்பூரில் இந்தியர்கள் கூடும் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை யாரோடு இட்லி சாப்பிட்டீர்கள் என்பது திங்கட்கிழமைக்குள் காரைக்குடியில் உங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் ஆறு மாதம் தமிழர்களையே தவிர்த்தேன், அது வேறு மாதிரித் தனிமை. பொங்கலன்று யாரும் இல்லாமல் பிரஷர் குக்கரில் பொங்கல் வைத்துவிட்டு அழுதேன். அப்புறம்தான் ஒரே ஒரு அக்காவிடம் சொன்னேன். ஒருவரிடம் சொன்னால் போதும், மூச்சு விட முடிகிறது. வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த ஊரில் காலூன்றிய பிறகு முடிவு செய்யுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.

காகித வேலையில் நாங்கள் அடிபட்டது 2019-ல். என் துணைக்கு டெங்கு, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கவுண்டரில் "நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?" என்றார்கள். ரூம்மேட் என்றேன். நெருங்கிய உறவினரோடுதான் பேசுவோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் கோயம்புத்தூரில் அவன் அம்மாவுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டு டாக்டரிடம் போனைக் கொடுத்தேன். அந்தம்மா அழுதுமுடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நீங்க யாருங்க கண்ணு?" அந்த வாரமே இரண்டு பேரும் ஆபீஸ் படிவங்களில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் ஒருவரை ஒருவர் எழுதிக்கொண்டோம். உறவுமுறை? அத்தை மகன். முறைப்பையன்தானே, பெரிய பொய் இல்லை.

நீங்களும் போகுமுன் இதைச் செய்யுங்கள். உயில் எழுதாமல் நமக்கு ஏதாவது ஆனால் இந்து வாரிசுச் சட்டப்படி எல்லாம் அம்மாவுக்கு, அவர் இல்லையென்றால் அப்பாவுக்கு. துணைக்கு ஒரு ரூபாய் வராது. அவர்களுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை, எதை யாருக்கு என்று நீங்கள் எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். வங்கியில் இருவரும் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ல் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. கிளையில் முழித்தால் அந்த அறிவிப்பை அச்செடுத்துக் காட்டுங்கள்.

சேர்ந்து வாழ்வதுதான் நோக்கம் என்றால், என் அபிப்பிராயத்தில் துபாயும் சிங்கப்பூரும் காசு சேர்க்கும் ஊர்கள், அவ்வளவுதான். இரண்டில் ஒன்று என்றால் யோசிக்காமல் சிங்கப்பூர். ஆனால் கம்பெனிக்கு ஹாங்காங்கில் கிளை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் முறைப்படி திருமணம் செய்த ஒருபால் துணைக்கும் சார்ந்தோர் விசா கொடுத்தாக வேண்டும் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. கனடாவில் கல்யாணம்கூட வேண்டாம், 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் போதும். வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் எல்லாவற்றிலும் இப்போதிருந்தே இரண்டு பெயரும் இருக்கட்டும்.

நாங்கள் ஜெர்மனி வந்த கதை கொஞ்சம் சுற்று. இங்கே 2017 அக்டோபரிலிருந்து நமக்கும் கல்யாணம் உண்டு. ஆனால் இந்தியர் இருவர் இங்கே பதிவு செய்ய வேண்டுமென்றால் பிறப்புச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, அவற்றைச் சென்னையில் சரிபார்ப்பது என்று மாதங்கள் ஓடும். அதனால் பலரும் செய்வதைப் போல டென்மார்க் போனோம், எல்லைக்கு அந்தப் பக்கம் டோண்டர் என்ற சின்ன ஊர். அங்கே காகிதம் குறைவு. அந்தச் சான்றிதழை வைத்து அவன் சென்னைத் தூதரகத்தில் குடும்ப விசா விண்ணப்பித்தான். எனக்கு ப்ளூ கார்டு (உயர் தகுதி வேலைக்கான ஐரோப்பிய அனுமதி) இருந்ததால் அவனுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கேட்கவில்லை.

இதில் உங்களுக்கான கடைசி வேலை ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் கிளம்புமுன் திருத்திவிடுங்கள், எதைப் போடுகிறோம் என்று யோசித்துப் போடுங்கள். நாங்கள் இருவரும் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் போல அப்பா பெயரைப் போட்டிருந்தோம். டோண்டர் அலுவலகத்தில் அந்த டேனிஷ் அம்மா மிக மரியாதையாக, குடும்பப் பெயரை மட்டும் சொல்லி, திரு. இன்னாரை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். என் அப்பா பெயரைச் சொல்லி, அவன் அப்பாவை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் சம்மதம் என்றோம். சாட்சிக்கு நின்ற அலுவலர்கள் இருவருக்கும் ஏன் சிரிக்கிறோம் என்று கடைசிவரை புரியவில்லை.