கேமராவும் கையுமாக: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேப்பிலையைத் தாளின்மேல் வைத்து சயனோடைப் (கரைசல் பூசிய தாளில் வெயிலால் நீலப் படம் பதிக்கும் முறை) செய்து பார்த்தேன். வெயிலில் 3 நிமிடம் வைத்ததும் நிறம் மாறியது. தண்ணீரில் போட்டதும் நீலமெல்லாம் ஓடிப்போய் வெளிறிவிட்டது. கரைசல் சரியில்லையா? (மாணவி, கும்பகோணம்)

100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்று தனித்தனியாகக் கரைத்து, பூசும் நேரத்தில் சம அளவில் கலந்திருந்தால் கரைசலில் குறையில்லை. 3 நிமிட வெயில்தான் போதவில்லை.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில்தான் இரும்புச் சேர்மம் மாறி நீல நிறமியாகிறது. மாறாமல் நின்றது அலசும்போது கரைந்து போய்விடும். அதனால் நீலம் தெரிந்ததுமே தாளை எடுக்கக் கூடாது. மஞ்சள்பச்சை முதலில் நீலமாகும். இன்னும் விட்டால் அதுவும் மங்கி, சாம்பலும் வெண்கலமும் கலந்த நிறத்துக்கு வரும். ‘கெட்டுப்போச்சு’ என்று தோன்றும் அந்தக் கட்டம்தான் எடுக்க வேண்டிய கட்டம். உங்கள் ஊர் வெயிலுக்கு எத்தனை நிமிடம் என்பதை ஒரு துண்டுத் தாளே சொல்லிவிடும். முழுவதையும் வெயிலில் வைத்து, 2 நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையால் ஒரு விரல் அகலம் மூடிக்கொண்டே வாருங்கள். 2, 4, 6, 8, 10 நிமிடப் பட்டைகள் கிடைக்கும். அலசிக் காய வைத்து, எது பிடிக்கிறதோ அதை நேரத்தோடும் மாதத்தோடும் எழுதி வையுங்கள். மார்கழி வெயிலுக்கும் சித்திரை வெயிலுக்கும் ஒரே கணக்கு செல்லாது.

நேரத்தைக் கூட்டியும் வெளிறினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. போர் தண்ணீரில் அலசுவதானால் முதல் தட்டில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போடுங்கள். சில வரைதாள்களில் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். அதுவும் நீலத்தைத் தின்றுவிடும். அதே கரைசலை வேறு கம்பெனித் தாளில் பூசிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நேரம், தண்ணீர், தாள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை பிடிபடாது.

வெள்ளைப் பகுதியில் மஞ்சள் துளியும் இல்லாமல் போகும்வரை அலசுங்கள். மிச்சமிருந்தால் பிறகு அங்கும் நீலம் ஏறும். பச்சை இலையை முதல்நாள் இரவே புத்தகத்துக்குள் வைத்து அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் ஈரம் கறையாக நிற்கும். (அன்னா அட்கின்ஸ் 1843-இல் கடற்பாசிகளை இப்படித்தான், கேமராவே இல்லாமல், படமாக்கத் தொடங்கினார்.) ஃபெரிசயனைடு பக்கம் கழிவறை ஆசிட் போன்ற கடும் அமிலம் வரவே கூடாது; நச்சு வாயு கிளம்பும். சமையல் பாத்திரத்திலும் கலக்காதீர்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் பாடி கேப்பில் (லென்ஸைக் கழற்றிய இடத்தில் மாட்டும் மூடி) ஊசியால் துளை போட்டு, லென்ஸ் இல்லாமல் பின்ஹோல் படம் எடுத்தேன். ஒரே மங்கல், வானமெங்கும் கரும்புள்ளிகள். (மாணவர், மதுரை)

மங்கல் துளையால் வந்தது. மூடிக்கும் சென்சாருக்கும் இடையே சுமார் 45 மி.மீ. தூரம், அதற்கு 0.3 மி.மீ. துளை பொருந்தும். தையல் ஊசி முழுவதும் இறங்கினால் அதைவிடப் பெரிதாகிவிடும். மூடியில் 6 மி.மீ. ஓட்டை போட்டு, குளிர்பான டின்னில் வெட்டிய தகட்டில் நுண்துளை போட்டு அதன்மேல் ஒட்டுங்கள். தகட்டை அட்டைமேல் வைத்து ஊசிமுனையை மட்டும் அழுத்தி, பின்பக்கம் எழும் மேட்டை 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஊசியை மெல்லச் சுழற்றினால் வட்டம் ஒழுங்காக வரும். அளக்க ஸ்கேனர் போதும்: 1200 டிபிஐயில் துளை 14 பிக்சல் அகலம் இருந்தால் 0.3 மி.மீ.

கரும்புள்ளிகள் சென்சாரில் விழுந்த தூசி. சாதாரண லென்ஸில் அது கண்ணுக்குப் படாது. இங்கே துவாரம் எஃப்-150 அளவுக்குச் சிறியது என்பதால் ஒவ்வொரு தூசியும் நிழல் விழுத்தும். துளை போடும் வேலையைக் கேமராவுக்குத் தள்ளிச் செய்து, மூடியைக் கழுவி உலர்த்திய பிறகே மாட்டுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 வைத்தால் கால் விநாடியிலிருந்து தொடங்கலாம். கையில் பிடித்தால் ஆடிவிடும், ட்ரைபாட் வேண்டும்.

கேள்வி: ஒரு வருடமாகப் படமெடுக்கிறேன். வெளிச்சம் பற்றிய பிடி கிடைக்கவில்லை. என்ன பயிற்சி செய்யலாம்? (மாணவி, சென்னை)

ஒரு மண்பானை, ஒரு ஜன்னல், ஒரு தெர்மாகோல் அட்டை. ஐஎஸ்ஓ 200, எஃப்-8, ஒயிட் பேலன்ஸ் டேலைட் என்று பூட்டிவிட்டு ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். பானையை ஜன்னலிலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் தள்ளி எடுங்கள். தள்ளத் தள்ள நிழலின் விளிம்பு கூர்மையாகும். பிறகு இருண்ட பக்கம் தெர்மாகோலை நிறுத்தி ஒன்று, கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்தி ஒன்று. எடுக்கும் முன் அதே பானையைக் கரித்துண்டால் ஐந்து தொனிகளில் வரைந்துவிடுங்கள். உங்கள் கண் பார்த்த எந்தத் தொனியைக் கேமரா விழுங்கியது என்பது அப்போதுதான் தெரியும். ஓவியம் படிப்பவருக்கு இருக்கும் இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

கேள்வி: எண்ணெய் ஏறிய கருங்கல் சிலை படத்தில் சாம்பலாக வருகிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொள்வதுதான் கேமரா மீட்டரின் கணக்கு. கறுப்புக்கு எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (மீட்டர் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -1 வையுங்கள். வெள்ளை வேட்டிக்கு +1. சிலையின் எண்ணெய் மினுக்கம் உறுத்தினால் லென்ஸில் போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டி, மினுக்கம் அடங்கும்வரை திருப்புங்கள். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சம் குறையும், ஷட்டரைக் கவனியுங்கள்.