டி-சர்ட்டில் ஒரு முயல்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு டி-சர்ட் வாங்கி வந்தாள். நெஞ்சில் போ டை கட்டிய முயல் தலை. பெண்களின் நிர்வாணப் படம் போட்டுப் பேர் வாங்கிய அமெரிக்கப் பத்திரிகை பிளேபாயின் சின்னம். "இது எந்தப் பத்திரிகையோட அடையாளம்னு தெரியுமா?" என்றேன். "தெரியும்மா. என் சட்டை, என் இஷ்டம். நீ படிக்கிற பெண்ணியமே அதைத்தானே சொல்லுது?" என்கிறாள். எங்கள் வாசிப்புக் குழுவில் இதைப் பேசினால் அங்கேயும் இரண்டு கட்சி. பாலியல் தொழில், ஆபாசப் படம் எல்லாவற்றையும் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டும் என்கிறார் ஒரு தோழி. அதுவும் ஒரு வேலைதான், தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்கிறார் இன்னொருவர். நீங்கள் எந்தப் பக்கம்? சட்டையைப் போடாதே என்று சொல்லவா, வேண்டாமா?

— பி., ஈரோடு

அன்புள்ள பி.,

சொல்ல வேண்டாம். அந்த வயதில் போடாதே என்றால் இன்னும் இரண்டு வாங்கி வருவாள். தவிர, அந்த முயலை நம் ஊரில் பைக் டேங்கிலும் சாவிக்கொத்திலும் ஒட்டிக்கொண்டு திரிந்த பையன்களை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. பெண் பிள்ளை அணிந்தபோதுதான் நமக்கு உறுத்துகிறது. சீனாவில் அந்தப் பத்திரிகையை விற்கவே முடியாது, ஆனால் முயல் போட்ட சட்டையும் பெல்ட்டும் செருப்பும் அங்கே பெரிய வியாபாரம். 2020இல் அமெரிக்காவில் அச்சுப் பதிப்பை நிறுத்திய பிறகும் நிறுவனம் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், சின்னத்தை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்ததுதான். படத்தில் இருந்த பெண்கள் எல்லாம் உதிர்ந்துபோய் முயல் மட்டும் மிஞ்சியது.

உங்கள் மகளிடம் அறிவுரை எதுவும் சொல்லாமல் ஒரு கணக்கை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

1949இல் மர்லின் மன்றோ வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்த நடிகை. கையில் காசில்லை. டாம் கெல்லி என்ற புகைப்படக்காரரிடம் நிர்வாணமாகப் படம் எடுத்துக்கொண்டார். கூலி 50 டாலர். உரிமைத் தாளில் சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் வேறு பெயரில் கையெழுத்திட்டார். படம் காலண்டர் கம்பெனிக்குப் போனது. 1953இல் பிளேபாயைத் தொடங்கிய ஹியூ ஹெஃப்னர் அதை அந்தக் கம்பெனியிடமிருந்து 500 டாலருக்கு வாங்கித் தன் முதல் இதழில் போட்டார். அதற்குள் மன்றோ பெரிய நட்சத்திரம். ஐம்பதாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை. அந்த விற்பனையில் அவருக்கு ஒரு சென்ட் வரவில்லை. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை என்று ஹெஃப்னரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் 1992இல் மன்றோவின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தை 75,000 டாலர் கொடுத்து வாங்கிப் போட்டார். 2017இல் அங்கேயே அடக்கமும் ஆனார். செத்த பிறகும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அவள் சம்மதம் தேவைப்படவில்லை பாருங்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது அமெரிக்கப் பத்திரிகையாளர், பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம். 1963இல் பெயரை மாற்றிக்கொண்டு நியூயார்க் பிளேபாய் கிளப்பில் பரிமாறும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதை எழுதினார். அதைப் படிக்காதவர்கள் ஏதோ கவர்ச்சிக் கட்டுரை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டு. விளம்பரத்தில் வாரம் 200 முதல் 300 டாலர் என்றிருந்தது. உள்ளே போனால் உடுப்புப் பராமரிப்புக்குப் பிடித்தம், காலணியும் போலி இமையும் சொந்தச் செலவு, டிப்ஸில் கிளப்புக்குப் பங்கு. முயல் காதும் வாலும் வைத்த, மூச்சு முட்டும் உடுப்பு, குதிகால் செருப்பில் இரவெல்லாம் நிற்பதால் வீங்கும் கால். மேசையில் தட்டு வைக்கிற வேலைக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை வேறு. கட்டுரை வந்த பிறகு அந்தப் பரிசோதனையைக் கைவிட்டார்கள். எழுதியவருக்குக் கிடைத்தது என்ன? தீவிரமான வேலைகளைத் தரத் தயங்கினார்கள். 'அந்த முயல் பெண்' என்றே பல ஆண்டுகள் பார்த்தார்கள்.

இப்போது உங்கள் குழுவின் சண்டைக்கு வருகிறேன். அமெரிக்கப் பெண்ணியவாதிகள் இதே சண்டையை நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம்மைவிடக் கடுமையாகப் போட்டார்கள். 1972இல் வந்து பெரும் வசூலைக் குவித்த ஓர் ஆபாசப் படத்தில் நடித்தவர் லிண்டா லவ்லேஸ். கணவன் அடித்தும் துப்பாக்கி காட்டியும் தன்னை நடிக்கவைத்தான் என்று 1980இல் எழுதினார். பெண்ணிய எழுத்தாளர் ஆண்ட்ரியா டுவொர்க்கினும் சட்டப் பேராசிரியர் கேத்தரின் மெக்கின்னனும் 1983இல் மினியாபொலிஸ் நகரத்துக்கு ஒரு சட்ட வரைவு எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் வந்து பிடிக்கிற தடைச் சட்டம் அல்ல அது. ஆபாசப் படத்தால் பாதிக்கப்பட்ட பெண் அதைத் தயாரித்தவன், விற்றவன் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்ற சட்டம். லிண்டா நேரில் வந்து சாட்சி சொன்னார். நகரசபை நிறைவேற்றியது, மேயர் ரத்து செய்தார். இண்டியானாபொலிஸில் மேயரும் ஒப்புக்கொண்டார், 1985இல் நீதிமன்றம் தள்ளியது. அந்த வழக்கில் சட்டத்தை எதிர்த்து மனுப் போட்டவர்களிலும் பெண்ணியவாதிகள் இருந்தார்கள். கேட் மில்லெட், ஏட்ரியன் ரிச் எல்லாம் அதில் கையெழுத்திட்டார்கள். எது ஆபாசம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அரசின் கைக்குப் போனால் முதல் அடி நமக்குத்தான் விழும் என்பது அவர்கள் வாதம். கனடாவில் அது பலித்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் மெக்கின்னன் வழியை ஒட்டித் தீர்ப்பளித்த கையோடு, டொரொன்டோவில் போலீஸ் போய் நின்றது ஒரு தன்பாலினத்தவர் புத்தகக் கடையில்; பிடித்தது லெஸ்பியன் பெண்களின் பத்திரிகையை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். தடைச் சட்டம் கேட்கும் தோழியோடு நான் இல்லை. ஆனால் டுவொர்க்கினைப் பைத்தியக்காரி என்று கேலி செய்பவர்களோடும் இல்லை. லிண்டா பேசியதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அவரும் மெக்கின்னனும்தான். 'என் இஷ்டம்' என்று உங்கள் மகள் சொல்வதிலும் தப்பில்லை. சட்டை வாங்குகிறவளுக்கு இஷ்டம் இருக்கிறது. சட்டையிலும் திரையிலும் போஸ்டரிலும் வந்து சேர்கிற உடம்புக்குரியவளுக்கு எவ்வளவு இருந்தது? படம் யாருடையது, எடுக்காதே என்று சொல்ல அவளால் முடியுமா, பணம் யாருக்குப் போகிறது? என் கேள்விகள் இவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளைச் சரியாகப் பிடித்தவர்கள் புத்தகம் எழுதியவர்கள் அல்ல, சான்ஃபிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்ற கூடத்தில், ஆண்கள் காசு போட்டுச் சின்ன அறைகளிலிருந்து பார்க்க, கண்ணாடிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த பெண்கள். சில அறைகளில் ஒருவழிக் கண்ணாடி. பார்ப்பவன் முகம் ஆடுபவளுக்குத் தெரியாது. அதைப் பயன்படுத்தி ஆண்கள் ரகசியமாகப் படம் பிடித்தார்கள். மேடையில் ஆடச் சம்மதித்தோம், எவன் வீட்டிலோ கேசட்டில் ஓடச் சம்மதிக்கவில்லை என்று அவர்கள் சங்கம் வைத்தார்கள். 1996இல் வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள், அடுத்த ஆண்டு ஒப்பந்தம். ஒருவழிக் கண்ணாடிகள் போயின. 2003இல் கூடத்தையே வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். 2013இல் வாடகைத் தகராறில் மூட வேண்டியதாயிற்று. சங்கம் வைத்ததால் உலகம் மாறிவிடவில்லை, கண்ணாடி மாறியது.

நம் ஊருக்கும் வருகிறேன். முயலைவிட எனக்கு உறுத்துவது உள்ளூர்ப் பதிப்பின் 'அழகிகள் கைது' செய்தி. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் பெண்களின் படம். புரோக்கர் பெயர் ஒரு வரியில் வரும், வந்த வாடிக்கையாளர் எவர் படமும் வராது. அந்தப் படத்துக்கு யார் சம்மதம் தந்தது? கொல்கத்தாவில் 1999இல் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்ட வழக்கைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சில உத்தரவுகள் பிறப்பித்தது. வயது வந்தவராக, சொந்த விருப்பத்தில் இந்தத் தொழிலைச் செய்பவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்ற குழுப் பரிந்துரையைத்தான் எல்லோரும் பேசினார்கள். ரெய்டு, கைது, மீட்பு எதிலும் அந்தப் பெண்களின் அடையாளத்தையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது, அதற்குப் பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் வழிகாட்ட வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது.

உங்கள் குழுவின் இரண்டு கட்சிக்கும் இதில் சண்டை வராது என்று நினைக்கிறேன். அப்படி ஒரு படம் அடுத்து வந்தால் நறுக்கி வையுங்கள். முதலில் அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுத வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். வரைவை எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மகளும் போடுவாளா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.