மாந்தோப்பு விற்ற பணம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் குடும்ப மாந்தோப்பை விற்றோம். என் பங்காக ஆறு லட்சம் வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி, அப்படியே பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தில் போடு என்கிறான். "மொத்தமே 2.1 கோடி காயின்தான், இருபது வருஷம் கழித்துப் பார்" என்கிறான். பட்டா, சிட்டாகூட பிட்காயின் கணக்கு ஓடும் பிளாக்செயின் முறையில்தான் வரப்போகிறதாம். இதற்கெல்லாம் நிலைத்த மதிப்பு உண்டா? இரண்டு மூன்று வருடத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும்.

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இதில் போடாதீர்கள். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறக்குறைய 69,000 டாலருக்குப் போனது. மறு வருடம் அதே நவம்பரில் 16,000 டாலர் அளவுக்கு இறங்கியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. காத்திருந்தவர்களுக்கு லாபம், உண்மைதான். ஆனால் இறங்கிய அந்த வருடத்தில் முகூர்த்தம் குறித்திருந்தால் உங்களால் காத்திருக்க முடியுமா?

தம்பி சொல்லும் எண்ணிக்கை சரி. பிட்காயின், சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் 2008-ல் வெளியிட்ட திட்டம். புதிதாக வரும் காயின் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். யாரும் நினைத்தபடி கூடுதலாக அச்சடிக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு பொருள் குறைவாக இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு ஆள் வர வேண்டும். நீங்கள் விற்ற தோப்பு, கூழ் ஃபேக்டரிக்காரர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்ட வருடத்திலும் காய்த்தது. பிட்காயின் காய்க்காது, குத்தகையும் தராது. நமக்கு அடுத்து வாங்குகிறவர் என்ன கொடுப்பார் என்பது மட்டும்தான் அதன் விலை. தங்கமும் அப்படித்தானே என்பீர்கள். பெருமளவு அப்படித்தான். ஆனால் தங்கத்தைப் பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து பார்த்துவிட்டோம். பிட்காயின் ஓடத் தொடங்கியது 2009 ஜனவரியில், இன்னும் இருபது வயது ஆகவில்லை.

இனி பிளாக்செயின். எனக்கு ஆர்வம் அதிகம் இதில்தான். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுதும் ஏலக் கணக்கின் நகல், விற்றவர், வாங்கியவர் எல்லோர் கையிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைச் சுமந்திருக்கிறது. யாராவது பழைய பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் முத்திரைகள் பொருந்தாது, எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிளாக்செயின் என்பது இப்படி ஒரு கணக்குதான். அருமையான யோசனை. ஆனால் தராசில் கை வைத்தால் கணக்கு என்ன செய்யும்? தவறாக எழுதிய எடையையும் அப்படியே பத்திரமாகக் காக்கும். பட்டாவும் இதே கதைதான். நம் ஊரில் நிலத் தகராறு பெரும்பாலும் அளவு எடுத்ததிலும், வாரிசை விட்டுப் பதிந்ததிலும்தான் வருகிறது. அதைச் சரிசெய்ய சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும் நேர்மையாக வந்து நிற்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதாக வாய்க்கவில்லை. கப்பல் சரக்குக் கணக்குக்காக மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை மூடப்போவதாக 2022-ல் அறிவித்தார்கள். ஓசூரிலிருந்து தம்பி அனுப்பும் பணம் யுபிஐ-யில் நொடியில் வருகிறதே, அதற்கு பிளாக்செயின் தேவைப்படவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள், பொதுவான ஓர் அலுவலகத்தையும் நம்ப முடியாதவர்கள், நாடு தாண்டிக் கொடுக்கல் வாங்கல் செய்யும் இடத்தில்தான் இதற்கு வேலை இருக்கிறது. அந்த இடத்தில் இது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். லாபத்தில் 30 சதவீதம். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

என் சித்தப்பா ஒருவர் "புது காயின்" என்று சொன்ன ஏஜென்டிடம் பணம் கொடுத்தார். போனில் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனபோது ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதனால் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். அவர் காட்டும் ஆப்பில் சிறிய தொகைக்கு மட்டும் வாங்கி, ஒரு வாரம் கழித்து விற்று, உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிக் காட்டட்டும். வந்து சேர்ந்ததா என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம், கல்யாணச் செலவு போக மிச்சமிருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்